கலெக்டரா, கம்பெனியா? ஆசைப்படும் வேலையை முன்கூட்டியே போய்ப் பார்ப்பது எப்படி

இது கல்லூரியில் இரண்டாம், மூன்றாம் வருடத்தில் இருப்பவர்களுக்காக எழுதியது. கடைசி வருடமாக இருந்தாலும் பரவாயில்லை, இன்னும் நேரம் இருக்கிறது.

நான் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன், கூடவே பிளேஸ்மெண்ட் வேலையும் பார்க்கிறேன். முதல் வருடப் பிள்ளைகளிடம் "என்ன ஆகணும்?" என்று கேட்டால் நிறையப் பேர் கலெக்டர் என்பார்கள், அதற்கு அடுத்தபடி "ஐ.டி., நல்ல பேக்கேஜ்", அப்புறம் பேங்க், போலீஸ், சி.ஏ. என்று வரும். "சரி, கலெக்டர் காலையில் ஆபீஸுக்குப் போனதும் என்ன செய்வார்?" என்று கேட்டால் பதில் வராது. அது அவர்கள் தப்பு இல்லை, யாரும் அந்த வேலையை அவர்களுக்குக் காட்டியதில்லை. சினிமா காட்டுவது காரில் இருந்து இறங்குவதை, சொந்தக்காரர்கள் சொல்வது சம்பளத்தை. நடுவில் இருக்கும் எட்டு மணி நேரம் யாருக்கும் தெரியாது, ஆனால் நாம் முப்பது வருடம் இருக்கப்போவது அந்த எட்டு மணி நேரத்துக்குள்தான். மூன்று நான்கு வருடம் செலவழித்து உள்ளே போன பிறகு அதைத் தெரிந்துகொள்வதற்குப் பதில், கல்லூரியில் இருக்கும்போதே பஸ் காசு செலவில் தெரிந்துகொள்ளலாம்.

ஆசை எங்கிருந்து வந்தது

ஒரு தாளை எடுத்து, உங்கள் மனதில் இருக்கும் இரண்டு மூன்று வேலைகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்த வேலையை முதன்முதலில் யார் வாயில் கேட்டீர்கள் என்று எழுதுங்கள். பள்ளி ஆசிரியரா, மாமாவா, யூடியூபில் டாப்பர் பேட்டியா, பக்கத்து வீட்டு அண்ணன் பெங்களூரில் இருந்து கார் வாங்கி வந்ததா? அப்புறம் இன்னொரு வரி: அந்த வேலையில் தினமும் செய்ய வேண்டியவற்றில் எனக்குப் பிடித்தது எது? இந்த இரண்டாவது வரியை உங்களால் எழுத முடியவில்லை என்றால் உங்களுக்கு இப்போதைக்குத் தெரிந்தது அந்த வேலையின் பெயர் மட்டும்தான், வேறு ஒன்றும் தெரியாது என்று வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மரியாதைக்கு ஆசைப்படுவது தவறு என்று நான் நினைக்கவில்லை. தாலுகா ஆபீஸில் அப்பா கைகட்டி நின்றதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, அதே ஆபீஸில் நாற்காலியில் உட்கார ஆசைப்பட்டால் அதில் பெரிய நியாயம் இருக்கிறது. முதல் தலைமுறைப் பட்டதாரி வீட்டில் ஒரு அரசு வேலை வந்தால் ஊர் பேசும் விதம் மாறுகிறது, வங்கியில் கடன் கேட்கும்போது மாறுகிறது, தங்கையின் கல்யாணப் பேச்சில் மாறுகிறது. "மனசுக்குப் பிடிச்சதைத் தேடு, பேரைத் தேடாதே" என்று மேடையில் பேசுகிறவர்களுக்கு இது புரிவதில்லை. பெயரும் வேண்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் பெயரோடு சேர்ந்து வரும் வேலை உங்களுக்குத் தாங்குமா என்பதுதான் பார்க்க வேண்டியது.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸுக்குப் போங்கள்

ஐ.ஏ.எஸ். கனவு இருக்கிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது இது. கோச்சிங் சேருவது, புத்தகம் வாங்குவது எல்லாம் அப்புறம். எல்லா மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. வகுப்புக்கு ஒரு நாள் லீவு போட்டாலும் தப்பில்லை, காலை பத்து மணிக்கு முன்னாலேயே போய்விடுங்கள்.

வாசலில் போலீஸ் ஒவ்வொருவர் பையையும் திறந்து பார்ப்பார்கள். மண்ணெண்ணெய் பாட்டிலோடு வந்தவர்கள் இருந்திருக்கிறார்கள், அதனால்தான் அந்தச் சோதனை. வெளியே மரத்தடியில் மனு எழுதிக் கொடுப்பவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், அவர்கள் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று கேளுங்கள். முதியோர் உதவித்தொகை நின்றுபோன பாட்டி, பட்டாவில் பெயர் தவறாக ஏறிவிட்டது என்று பல மாதமாக அலையும் விவசாயி, கணவர் இறந்து கருணை அடிப்படையில் வேலை கேட்கும் பெண், தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை என்று மொத்தமாகக் கிளம்பி வந்த ஊர்க்காரர்கள். உள்ளே மனுவுக்கு நம்பர் போட்டுப் பதிவு செய்கிறார்கள். கலெக்டர் ஒரு மனுவை வாங்குகிறார், கண்ணை ஓட்டுகிறார், ஒரு கேள்வி கேட்கிறார், ஓரத்தில் இரண்டு வார்த்தை எழுதி சம்பந்தப்பட்ட அதிகாரியிடம் நீட்டுகிறார், அடுத்தவர் வருகிறார். மதியம் வரை இது நிற்காது. மீதி நாட்களில் ஆய்வுக் கூட்டம், காணொலிக் கூட்டம், கோப்பு, கோர்ட் வழக்குக்குப் பதில், அமைச்சர் வருகை, மழை வந்தால் ராத்திரி பகல் தெரியாமல் களத்தில். இதையெல்லாம் இரண்டு மணி நேரம் நின்று பார்த்த பிறகு உங்களுக்குள் என்ன ஓடுகிறது என்று கவனியுங்கள். "இந்தப் பாட்டி கதையை நான் இன்னும் கொஞ்சம் கேட்டிருப்பேன்" என்று தோன்றுகிறதா, அல்லது தலை வலிக்கிறதா? இரண்டுமே நல்ல பதில்தான், உங்களுக்கு உபயோகமான பதில்.

கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.) வேலைக்கும் இப்படியே செய்யுங்கள். தமிழ்நாடு அரசின் குரூப் 4 தேர்வு எழுதுகிற பலரும் "வி.ஏ.ஓ. ஆனால் சொந்த ஊர்ப் பக்கம் நிம்மதியாக இருக்கலாம்" என்ற எண்ணத்தில் எழுதுகிறார்கள். உங்கள் ஊர் வி.ஏ.ஓ. ஆபீஸுக்கு ஒரு நாள் போய் உட்காருங்கள், "படிக்கிறேன் சார், இந்த வேலையைப் பற்றித் தெரிஞ்சுக்கணும்" என்று சொன்னால் பெரும்பாலும் துரத்தமாட்டார்கள். வருமானச் சான்று, சாதிச் சான்று, வாரிசுச் சான்றுக்கு விசாரித்து அறிக்கை அனுப்ப வேண்டும், வயல் வயலாகப் போய்ப் பயிர் பார்த்து அடங்கல் என்ற பயிர்க் கணக்கில் ஏற்ற வேண்டும், பிறப்பு இறப்பு பதிவு பார்க்க வேண்டும், புறம்போக்கில் யாராவது வேலி போட்டால் முதல் புகார் அங்கேதான் வரும், வெள்ளம் வந்தாலும் தேர்தல் வந்தாலும் முதல் போன் அவருக்குத்தான், வருடத்துக்கு ஒருமுறை ஜமாபந்தி என்ற வருவாய்க் கணக்குத் தணிக்கையில் மொத்தக் கணக்கையும் கொண்டுபோய் வைக்க வேண்டும். ஊரில் இரண்டு பேருக்கு வரப்புத் தகராறு வந்தால் நடுவில் நிற்பதும் அவர்தான், இரண்டு பேரும் தெரிந்தவர்களாக வேறு இருப்பார்கள். மனிதர்களோடு புழங்கப் பிடிக்கிறவர்களுக்கு இது அருமையான வேலை. அமைதியாக ஒரு மூலையில் உட்கார நினைக்கிறவர்களுக்கு இது சரிப்படாது.

மற்ற வேலைகளுக்கும் கதவு திறந்தேதான் இருக்கிறது. சட்டம் படிக்க நினைத்தால் மாவட்ட நீதிமன்றத்தில் போய்ப் பின் வரிசையில் உட்காருங்கள், பெரும்பாலான வழக்குகள் திறந்த நீதிமன்றத்தில்தான் நடக்கின்றன. வாய்தா என்பது எவ்வளவு பெரிய பகுதி என்று அரை நாளில் தெரிந்துவிடும். உள்ளாட்சி, ஊரக வளர்ச்சித் துறை பக்கம் ஆசை என்றால் கிராம சபைக்குப் போங்கள், ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் நடக்கும். வங்கி என்றால் மாதத்தின் முதல் வாரத்தில் ஏதாவது ஒரு கிளையில் கொஞ்ச நேரம் நின்றாலே போதும். அங்கே அதிகாரியிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: கடன் வசூலுக்கு எத்தனை நாள் வெளியே போகிறீர்கள், இன்சூரன்ஸ் விற்க இலக்கு உண்டா. அதோடு, பி.ஓ. (வங்கி அதிகாரி) ஆகச் சேர்ந்தால் இந்தியாவில் எங்கே வேண்டுமானாலும் மாற்றல் வரும் என்பதை வீட்டில் இப்போதே சொல்லி வையுங்கள்.

ஐ.டி. வேலையை எப்படிப் பார்ப்பது

கம்பெனி வாசலில் நின்று எதுவும் தெரியாது, அங்கே சீனியர்தான் வழி. இரண்டு மூன்று வருடம் முன்னால் உங்கள் டிபார்ட்மெண்டில் இருந்து போனவர்களைப் பிடியுங்கள், போன மாதம் சேர்ந்தவர்களைக் கேட்காதீர்கள், அவர்கள் இன்னும் ஐ.டி. கார்டு போட்டோ போடும் கட்டத்தில் இருப்பார்கள். "எப்படிண்ணா இருக்கு வேலை?" என்று கேட்டால் "சூப்பர்டா" அல்லது "வந்துடாதடா" என்று இரண்டில் ஒன்றுதான் வரும், இரண்டுமே பிரயோஜனம் இல்லாத பதில். இப்படி அனுப்பிப் பாருங்கள்:

"அண்ணா, நான் நம்ம டிபார்ட்மெண்ட் மூணாவது வருஷம். ஒரு பத்து நிமிஷம் பேச முடியுமா? நேத்து காலைல லாகின் பண்ணதுல இருந்து லாக் ஆஃப் வரைக்கும் என்னென்ன பண்ணீங்கன்னு மட்டும் சொன்னா போதும்."

நேற்று ஒரு நாளைப் பற்றிக் கேட்டால் யாராலும் பொதுவாகப் பேசித் தப்பிக்க முடியாது. எத்தனை மீட்டிங், எத்தனை டிக்கெட் (சரிசெய்யச் சொல்லி வரும் புகார்), உண்மையில் எவ்வளவு நேரம் கோடிங் செய்தார், கிளையண்ட் எந்த நாடு, ஷிஃப்ட் எத்தனை மணிக்கு, டிரெயினிங் முடிந்ததும் டெவலப்மெண்டா, டெஸ்டிங்கா, சப்போர்ட்டா என்று யார் முடிவு செய்தார்கள், புராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் எவ்வளவு நாள் இருந்தார், எல்லாம் தானாக வந்துவிடும். இந்த டெவலப்மெண்டா சப்போர்ட்டா என்பதைக் கண்டிப்பாகக் கேளுங்கள். பெரிய சர்வீஸ் கம்பெனிகளில் ஆயிரக்கணக்கில் ஆள் எடுக்கும்போது நம் விருப்பத்தைக் கேட்பது மாதிரி ஒரு படிவம் இருக்கும், ஆனால் கடைசியில் எங்கே ஆள் தேவையோ அங்கேதான் போடுவார்கள். ஒரே கம்பெனி, ஒரே பேக்கேஜ், ஒரே நாள் சேர்ந்த இரண்டு பேரில் ஒருவர் மூன்று வருடத்தில் நல்ல டெவலப்பராக வெளியே வருவார், இன்னொருவர் ராத்திரி ஷிஃப்டில் பாஸ்வேர்ட் ரீசெட் டிக்கெட் மூடிக்கொண்டிருப்பார். கம்பெனி பெயரைப் பார்த்து யாராலும் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

குறைந்தது மூன்று பேரிடம் கேளுங்கள், அதில் ஒருவர் அந்த வேலையை விட்டுவிட்டவராக இருக்கட்டும்.

தேர்வு எழுதப் போகிறவர்கள் போட வேண்டிய கணக்கு

ஐ.ஏ.எஸ். போன்ற பணிகளுக்காக யு.பி.எஸ்.சி. நடத்தும் சிவில் சர்வீஸ் தேர்வுக்கு 2024ஆம் ஆண்டு விண்ணப்பித்தவர்கள் 9,92,599 பேர். பிரிலிம்ஸ் என்ற முதல்நிலைத் தேர்வு எழுத உண்மையில் வந்து உட்கார்ந்தவர்கள் 5,83,213. மெயின்ஸ் என்ற முதன்மைத் தேர்வுக்குத் தேறியவர்கள் 14,627, நேர்முகத்துக்குப் போனவர்கள் 2,845, கடைசியில் தேர்வானவர்கள் 1,009. பரீட்சை எழுதியவர்களில் ஏறத்தாழ 578 பேருக்கு ஒருவர். அந்த 1,009 பேரும் ஐ.ஏ.எஸ். கிடையாது, ஐ.ஏ.எஸ். இடங்கள் 180தான், மீதி ஐ.பி.எஸ்., ஐ.எஃப்.எஸ்., வருமான வரி, ரயில்வே, தபால் கணக்கு என்று பல பணிகள். ஐ.ஏ.எஸ். கிடைத்தாலும் தமிழ்நாடு கேடர், அதாவது நம் மாநிலத்திலேயே பணி, கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. குரூப் 4 மட்டும் லேசு என்று நினைக்க வேண்டாம், 2024ல் முதலில் அறிவித்தது 6,244 இடம், பிறகு கூட்டினார்கள், எழுதியவர்கள் 15 லட்சத்துக்கும் மேல்.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. என் மாணவர்கள் இதில் தேறியிருக்கிறார்கள், இன்னும் தேறுவார்கள். ஆனால் இந்த எண்களைத் தெரிந்துகொண்டு இறங்குகிறவருக்கும் தெரியாமல் இறங்குகிறவருக்கும் மூன்றாவது வருடத்தில் மனநிலை வேறாக இருக்கிறது. தெரியாதவர் தோல்வியைத் தன் குறை என்று எடுத்துக்கொண்டு உடைந்துபோகிறார், அதைப் பார்க்க எனக்கு மிகவும் வலிக்கிறது.

காலக் கணக்கும் போடுங்கள். 2024 பிரிலிம்ஸ் ஜூன் 16ஆம் தேதி நடந்தது, இறுதி முடிவு 2025 ஏப்ரல் 22ஆம் தேதி வந்தது. தேர்வுக்கு மட்டுமே பத்து மாதம், அதற்கு முன்னால் படிப்பதற்கு ஒரு வருடம். ஒரு அட்டெம்ப்ட் என்பது வாழ்க்கையில் கிட்டத்தட்ட இரண்டு வருடம். பொதுப் பிரிவுக்கு 32 வயது வரை ஆறு முறை, ஓ.பி.சி.க்கு 35 வரை ஒன்பது முறை, எஸ்.சி., எஸ்.டி.க்கு 37 வயது வரை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். இத்தனை முறை எழுதலாம் என்பது அனுமதி, அத்தனை முறையும் எழுதியே ஆக வேண்டும் என்று அர்த்தம் இல்லை. "சும்மா எழுதிப் பார்ப்போம்" என்று ஹாலில் போய் உட்கார்ந்து ஒரு பேப்பர் எழுதினாலும் ஒரு அட்டெம்ப்ட் போய்விடும், விண்ணப்பித்துவிட்டுப் போகாமல் இருந்தால் போகாது.

கல்லூரியில் இருக்கும்போதே செய்யக் கூடியவை நிறைய இருக்கின்றன. 21 வயது நிறைந்திருந்தால் கடைசி வருட மாணவர்கள் யு.பி.எஸ்.சி. பிரிலிம்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். குரூப் 4க்குப் பத்தாம் வகுப்பே போதும், அதனால் படிக்கும்போதே எழுதிவிடலாம், தேர்வு ஹால் பழகும். ஒரே எழுத்துத் தேர்வு, 200 கேள்வி, 300 மார்க், அதில் பாதி தமிழ், தமிழில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள். குரூப் 2க்கு அறிவிக்கை வெளியாகும் நாளில் பட்டம் கையில் இருக்க வேண்டும், ஒரு அரியர் இருந்தாலும் அந்த வருடம் போச்சு. தமிழ் வழியில் படித்தவர்கள் பி.எஸ்.டி.எம். சான்றிதழை இப்போதே பள்ளியிலும் கல்லூரியிலும் வாங்கி வையுங்கள், 20 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. மத்திய அரசுத் தேர்வுக்கு நம் ஊர் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் செல்லாது, மத்திய அரசு படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும், கடைசி நேரத்தில் இதற்காக ஓடுகிறவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

கோச்சிங்குக்கு லட்சக்கணக்கில் கட்டுவதற்கு முன்னால் அரசு தருவதைப் பாருங்கள். நான் முதல்வன் திட்டத்தில் ஒரு நுழைவுத் தேர்வு வைத்து 1,000 பேரைத் தேர்ந்தெடுத்து, பிரிலிம்ஸுக்குப் படிக்க மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதம் கொடுக்கிறார்கள், பிரிலிம்ஸ் தேறினால் 25,000 ரூபாய். சென்னையில் அரசின் அகில இந்திய குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி மையத்தில் இலவசப் பயிற்சி உண்டு. படிக்க இடம் வேண்டும் என்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் நம் சொந்தப் புத்தகத்தை எடுத்துப்போய்ப் படிக்கத் தனிப் பகுதி இருக்கிறது, மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. மெயின்ஸைத் தமிழிலேயே எழுதலாம், தமிழ் இலக்கியத்தை விருப்பப் பாடமாக எடுக்கலாம், ஆனால் ஆங்கிலத்தில் ஒரு தகுதித் தாள் உண்டு, அதில் தவறினால் மற்ற எதையும் பார்க்கமாட்டார்கள்.

ஆஃபர் லெட்டரைப் படிப்பது

கேம்பஸில் தேர்வானதும் "4.2 லட்சம் பேக்கேஜ்" என்று வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸ் போட்டுவிடுகிறோம், வீட்டில் அதைப் பன்னிரண்டால் வகுத்து மாதம் 35,000 என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். முதல் மாதச் சம்பளம் வந்ததும் வீட்டில் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். அதனால் லெட்டர் வந்த அன்றே கடைசிப் பக்கத்தில் இருக்கும் அட்டவணையை அப்பா, அம்மாவோடு உட்கார்ந்து படியுங்கள்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. மொத்தம் 4,20,000. அதில் வேரியபிள் பே 30,000, அது கம்பெனி நன்றாகப் போனால், உங்கள் ரேட்டிங் நன்றாக இருந்தால் வரும். கம்பெனி கட்டும் பி.எஃப். 21,600, அதுவும் இந்த 4.2 லட்சத்துக்குள்தான். கிராஜுவிட்டி ஒரு 9,600, பொதுவாக ஐந்து வருடம் இருந்தால்தான் கைக்கு வரும். இன்சூரன்ஸ் 8,000. இதெல்லாம் போக மீதி சுமார் 3,50,800, மாதத்துக்கு 29,200. இதில் உங்கள் பங்கு பி.எஃப். 1,800, தொழில் வரி கொஞ்சம். கைக்கு வருவது 27,000 சொச்சம். சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் ஹாஸ்டல், சாப்பாடு, பஸ், போன் போக எவ்வளவு மிஞ்சும், கல்விக் கடன் தவணை எவ்வளவு, வீட்டுக்கு எவ்வளவு அனுப்ப முடியும் என்று அந்த அட்டவணைக்குக் கீழேயே எழுதுங்கள். இந்தத் தொகைக்குப் பக்கத்து ஊரிலேயே 20,000 ரூபாய் வேலை சமமாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம், கணக்குப் போட்டால்தான் தெரியும்.

அடுத்து பாண்ட், அதாவது இத்தனை நாளுக்குள் வேலையை விட்டால் பணம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம். "அதெல்லாம் வெறும் பேப்பர், கோர்ட்ல நிக்காது" என்று சீனியர்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்குள் வேலையை விட்டால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. எல்லா பாண்டுக்கும் அது அப்படியே பொருந்தாது, ஆனால் கையெழுத்துப் போடும் முன் தொகை எவ்வளவு, எத்தனை மாதம், எந்தத் தேதியில் இருந்து கணக்கு என்று படியுங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வோம் என்று சொல்லும் இடத்துக்குப் போகாதீர்கள். வேலைக்கு முன்பணம் கேட்கிற கன்சல்டன்சியிடம் பேச்சே வேண்டாம்.

சேரும் தேதி லெட்டரில் இல்லை என்றால் அந்த ஆஃபரை முழு ஆஃபராக எண்ணாதீர்கள். மாதக்கணக்கில் தேதி தள்ளிப்போய், ஊரில் எல்லோருக்கும் சொல்லிவிட்ட சங்கடத்தில் வெளியே வராமல் இருந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஒரு ஆஃபர் வாங்கினால் அடுத்த கம்பெனிக்கு உட்கார முடியாது என்று பல கல்லூரிகளில் விதி இருக்கும், ஆனால் கேம்பஸுக்கு வெளியே நீங்களாக விண்ணப்பிப்பதை யாரும் தடுக்க முடியாது, அதை நிறுத்தாதீர்கள்.

வீட்டில் பேசுவது

இதுதான் கஷ்டமான பகுதி. "எனக்கு இது பிடிக்கல" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். வீட்டில் இருப்பவர்களுக்கு உங்கள் விருப்பத்தைவிட நீங்கள் நடுத்தெருவில் நின்றுவிடுவீர்களோ என்ற பயம்தான் பெரிது. அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லுங்கள். தேதி, செலவு, மாற்றுவழி மூன்றையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

"அப்பா, எனக்கு ரெண்டு வருஷம் வேணும். மாசம் ஆறாயிரம் ஆகும், அதுல மூவாயிரம் நான் டியூஷன் எடுத்து பாத்துக்கறேன். ரெண்டாயிரத்து இருபத்தெட்டு டிசம்பருக்குள்ள வரலன்னா வேலைக்குப் போயிடுவேன், எந்த வேலைன்னும் பாத்து வெச்சிருக்கேன்." இப்படிப் பேசிய ஒரு மாணவனின் அப்பா, லாரி டிரைவர், என்னிடம் போனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பையன் சொல்ற தேதி சரியா சார்?" சரி என்றேன். அப்புறம் அவர் தடை சொல்லவே இல்லை.

பெண் பிள்ளைகளுக்கு இந்தப் பேச்சு இன்னும் கடினம், ஏனென்றால் அண்ணனுக்குக் கிடைக்கும் இரண்டு வருடம் தங்கைக்குக் கிடைப்பதில்லை, "படிச்சுட்டு சும்மாதானே இருக்கா" என்று ஜாதகத்தைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். இது அநியாயம், ஆனால் அநியாயம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தால் வரன் வந்துகொண்டுதான் இருக்கும். என் மாணவிகளுக்கு நான் சொல்வது, சம்பளம் குறைவாக இருந்தாலும் முதலில் ஒரு வேலையில் சேர்ந்து, அங்கிருந்து தேர்வுக்குப் படியுங்கள். மாதச் சம்பளம் வரும் பெண்ணின் பேச்சுக்கு வீட்டில் இருக்கும் எடை வேறு. வெளியூர் என்று தயங்கினால் வேலைக்குப் போகும் பெண்களுக்கான தமிழ்நாடு அரசின் தோழி விடுதிகளைக் காட்டுங்கள், கூடுவாஞ்சேரி, திருச்சி, சேலம், வேலூர் போன்ற ஊர்களில் இருக்கின்றன. அம்மாவை ஒருமுறை கூட்டிக்கொண்டு போய் அறையையும் வாசலில் இருக்கும் காவலையும் காட்டிவிடுங்கள், நூறு முறை வாயால் சொல்வதைவிட அது வேலை செய்யும்.

கல்யாண வீட்டில் "என்னப்பா, இன்னும் படிச்சிட்டேதான் இருக்கியா?" என்று கேட்கும் சித்தப்பாவுக்கு நீளமாக விளக்கம் தேவையில்லை. "ஆமா சித்தப்பா, டிசம்பர்ல ரிசல்ட்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போங்கள்.

தேதி வந்த பிறகு

நீங்களே வைத்த தேதி வரும்போது "இன்னும் ஒரே ஒரு முறை" என்று தோன்றும், எல்லோருக்கும் தோன்றும். அந்த நேரத்தில் உணர்ச்சியைக் கேட்காமல் மார்க்கைக் கேளுங்கள். பிரிலிம்ஸில் கட்ஆஃபுக்கு ஒன்றிரண்டு மார்க்கில் போயிருந்தால், அல்லது மெயின்ஸ் வரை போயிருந்தால், இன்னொரு வருடம் கேட்பதில் நியாயம் இருக்கிறது. இரண்டு முறையும் கட்ஆஃபுக்கு இருபது முப்பது மார்க் கீழே என்றால் படிக்கும் முறையோ தேர்வோ உங்களுக்கு ஒத்துவரவில்லை, அதே அறையில் அதே புத்தகத்தோடு இன்னொரு வருடம் இருந்து அது மாறுவதை நான் அதிகம் பார்த்ததில்லை.

படித்தது வீண்போகாது, ஆனால் அதைத் திருப்பிவிடுவது உங்கள் கையில் இருக்கிறது. யு.பி.எஸ்.சி.க்குப் படித்த வரலாறு, அரசியலமைப்பு, பொருளாதாரம் குரூப் 1, குரூப் 2க்கு நேராக உதவும், மத்திய அரசு அலுவலகப் பணிகளுக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வுக்குக் கணக்கும் ஆங்கிலமும் சேர்த்துக்கொண்டால் போதும். தனியார் பக்கம் போனால் ரெஸ்யூமில் அந்த இரண்டு வருடத்தை மறைக்காமல் எந்தத் தேர்வு, எந்தக் கட்டம் வரை போனீர்கள் என்று ஒரே வரியில் எழுதுங்கள், கூடவே அந்தக் காலத்தில் டியூஷன் எடுத்தது, மொழிபெயர்த்தது, ஏதாவது கோர்ஸ் முடித்தது இருந்தால் அதையும் போடுங்கள். நேர்முகம் வரை போய்த் தேர்வாகாதவர்களுக்கு யு.பி.எஸ்.சி.யே ஒரு வழி வைத்திருக்கிறது. பிரதிபா சேது என்ற இணையதளத்தில், சம்மதம் கொடுத்தவர்களின் விவரங்களைப் பதிவு செய்த நிறுவனங்கள் பார்த்து வேலைக்கு அழைக்கலாம். அந்தச் சம்மதத்தைக் கேட்கும் இடத்தில் "வேண்டாம்" என்று அழுத்திவிடாதீர்கள்.